சுத்திகரித்த நிலத்தடி நீர் வரம்பைத் தாண்டினால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

பெட்ரோல் தொட்டி கசிந்த இடமாக இருக்கலாம், கரைப்பான் கொட்டிக் கிடந்த தொழிற்கூடமாக இருக்கலாம். கெட்டுப்போன நிலத்தடி நீரை பம்ப் போட்டு எடுக்கிறோம், சுத்திகரிக்கிறோம், ஓடையிலோ மழைநீர் வடிகாலிலோ விடுகிறோம். விடும் குழாயின் வாயில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்பதை பெர்மிட் சொல்கிறது. ஒரு நாள் லேப் அறிக்கையில் ஒரு எண் அந்த வரம்புக்கு மேலே வந்து நிற்கும். உடனே யாராவது ஒருவர் "கார்பனை மாத்திடலாம்" என்பார். கார்பன் என்றால் மாசைத் தன்மேல் ஒட்டவைத்துப் பிடிக்கும் கரித்துகள், தொட்டியில் நிரப்பியிருக்கும்.

மாற்றுவதற்கு முன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். கார்பன் தீர்ந்துபோவது பல காரணங்களில் ஒன்றுதான். பார்க்காமல் மாற்றினால் பணமும் போகும், காரணத்தைக் காட்டும் தடயமும் போகும். (இனி மைக்ரோகிராம், மில்லிகிராம் என்று மட்டும் சொன்னால் லிட்டருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

எதையும் தொடுவதற்கு முன்: தாண்டியது எந்த வரம்பு?

ஒரே சேர்மத்துக்கு பெர்மிட்டில் இரண்டு மூன்று எண்கள் இருப்பது சகஜம். எந்த நாளிலும் தாண்டக் கூடாத உச்ச வரம்பு ஒன்று, மாதச் சராசரி வரம்பு ஒன்று, சில இடங்களில் நாளொன்றுக்கு இத்தனை கிராம் என்ற எடை வரம்பும் உண்டு.

மாதச் சராசரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உச்ச வரம்பு 10, சராசரி 5 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒரே ஒரு சாம்பிள் எடுக்கிறீர்கள், 8 வருகிறது. உச்ச வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எடுத்தது ஒன்றே என்பதால் அந்த 8-தான் அந்த மாதத்தின் சராசரி. மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று சாம்பிள் எடுத்து, மூன்றிலும் 2 வந்தால் சராசரி 3.5 ஆகிவிடும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரே சாம்பிள் மாதம் முழுவதையும் காட்டாது. ஆனால் எடுத்த அத்தனை முடிவுகளையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். அங்கீகரித்த முறையில் கூடுதலாகச் செய்த சோதனைகளும் கணக்கில் வர வேண்டும் என்று அமெரிக்கப் பெர்மிட் விதிகளில் நேரடியாகவே இருக்கிறது. 8-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு 2-ஐ மட்டும் எழுதினால், அது வரம்பு மீறலைவிடப் பெரிய குற்றம்.

எடை வரம்பு என்றால் கணக்கு எளிது. மில்லிகிராம் எண்ணை, ஒரு நாளில் வெளியேறிய கனமீட்டரால் பெருக்கினால் கிராம் வரும். 0.005 மில்லிகிராம், 200 கனமீட்டர் என்றால் நாளுக்கு 1 கிராம். செறிவு மாறாமல் எடை மட்டும் தாண்டியிருந்தால் முதல் சந்தேகம் ஃப்ளோ மீட்டர் மேல். இரும்புச் சேறு படிந்த மீட்டர் எதையாவது காட்டிக்கொண்டிருக்கும். அளவு தெரிந்த டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து ஒப்பிட்டால் போதும்.

அப்புறம், அந்த வரம்பு எப்படி வந்தது என்று பாருங்கள். இரண்டு வழிகளில் வரும். நன்றாக ஓடும் ஒரு சுத்திகரிப்பு அமைப்பால் எதைச் சாதிக்க முடியும் என்று பார்த்து வைப்பது ஒன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இத்தகைய வெளியேற்றத்துக்கென்றே 2005-இல் வந்த பொதுப் பெர்மிட்டில் பென்சீனுக்கு 5 மைக்ரோகிராமும், பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கின் மொத்தத்துக்கு 100 மைக்ரோகிராமும் வைத்திருந்தது இந்த வகை. மற்றது, நீரை வாங்கிக்கொள்ளும் ஓடையால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்து வைப்பது.

இந்த வேறுபாடு தெரியாமல் பிழை தேடினால் நாள் கணக்கில் வீணாகும். முதல் வகை வரம்பு தாண்டினால் அநேகமாக உங்கள் பிளாண்ட்டில்தான் கோளாறு. அதே கருவிகளை வைத்து மற்றவர்கள் அதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் வகை தாண்டினால் பிளாண்ட் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கலாம். நாட்டுக்கு நாடும் வரம்பு வெகுவாக மாறும். இந்தியாவின் பொது வெளியேற்றத் தரத்தில் ஆர்சனிக் 0.2 மில்லிகிராம் வரை விடலாம். அமெரிக்கக் குடிநீர் வரம்போ 0.010. இரண்டுக்கும் நடுவே 20 மடங்கு. ஆகவே வேறொரு தளத்தில் நடந்ததைக் கேட்டுவிட்டு உங்கள் எண்ணை எடைபோட வேண்டாம்.

அறிகுறி: ஒரே ஒரு எண் திடீரென்று எகிறியது, மற்றதெல்லாம் பழையபடி

சாம்பிளைச் சந்தேகப்படுங்கள். குறிப்பாக, உங்கள் தளத்தில் இதுவரை பார்த்தேயிராத மெத்திலீன் குளோரைடோ அசிட்டோனோ தலைகாட்டினால், அது லேபின் காற்றிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே லேபில் அன்றாடம் புழங்கும் கரைப்பான்கள். லேபின் வெற்றுச் சாம்பிளிலும் (மாசில்லாத நீரை வைத்துச் செய்யும் ஒப்பீட்டுச் சோதனை), பாட்டில்களோடு கூடவே போய்வந்த வெற்றுச் சாம்பிளிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு பக்கங்களும் அறிக்கையின் கடைசியில் இருக்கும். யாரும் அதுவரை புரட்டுவதில்லை.

ஆவியாகும் சேர்மங்களுக்கு 40 மில்லிலிட்டர் குப்பி. அதை நிரப்புவதில்தான் பாதிப் பிழை. குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு வேகத்தை நூல்போலக் குறைத்து, குப்பியைச் சாய்த்துப் பிடித்து உள்சுவர் ஓரமாக நீர் இறங்கும்படி விட வேண்டும். வாயில் நீர் குவிந்து மேலே புடைத்து நிற்கும்போது மூடியைத் திருக வேண்டும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். குமிழி ஏறினால் அந்தக் குப்பி வேண்டாம், வேறு எடுங்கள். குமிழி இருந்தால் சேர்மம் காற்றுக்குள் ஏறிவிடும். எண் குறைவாக வரும். நல்ல எண் வந்ததென்று சந்தோஷப்படுவீர்கள், அடுத்த மாதம் ஒழுங்காக எடுக்கும்போது "திடீரென்று எகிறியது" போலத் தெரியும். எகிறியது இந்த மாதம் அல்ல, போன மாதம்தான் தவறு.

குப்பியில் ஏற்கெனவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு இருக்கும். நிரப்பி வழியவிட்டால் அமிலமும் வழிந்து போய்விடும். அமிலம் சேர்த்துக் குளிரில் வைத்த குப்பிக்கு 14 நாள் அவகாசம். பென்சீன் வகையறா நறுமணச் சேர்மங்களுக்கு அமிலம் இல்லாவிட்டால் 7 நாள்தான். சுண்ணாம்புத்தன்மை மிகுந்த நீரில் அமிலம் பட்டதும் நுரைத்துக் குமிழி வரும். அப்படிப்பட்ட தளத்தில் அமிலமில்லாத குப்பி கேட்டு வாங்கி, அவகாசத்துக்குள் லேபில் சேர்ப்பித்துவிடுவதே நல்லது.

கடைசியாக, சாம்பிள் எடுத்த குழாய் எது? வெளியேற்றும் குழாயில் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கார்பன் தொட்டிக்கு நடுவிலிருக்கும் குழாயில் எடுத்தவர்கள் உண்டு. குழாய்களில் பெயர்ப் பலகை மாட்ட ஒரு மணி நேரம் கூட ஆகாது.

அறிகுறி: "கண்டறியப்படவில்லை" என்று வந்தும் மீறல் என்கிறார்கள்

லேபின் அறிக்கை அளவு, அதாவது லேப் நம்பிச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த எண், உங்கள் வரம்பைவிட உயரத்தில் இருக்கிறது. வழக்கமாக 0.5 மைக்ரோகிராம் வரை சொல்லும் லேப், சாம்பிளில் வேறொரு சேர்மம் நிறைய இருந்ததால் 20 மடங்கு நீர்த்துச் சோதித்திருக்கும். அப்போது எல்லாச் சேர்மத்துக்கும் அறிக்கை அளவு 10 ஆகிவிடும். "10-க்குக் கீழே" என்ற பதிலை வைத்து 5-க்குள் இருக்கிறோம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. நீர்க்காமல் ஒரு ஓட்டம், நீர்த்து ஒரு ஓட்டம் என்று இரண்டும் வேண்டும் என லேபுக்கு அனுப்பும் தாளிலேயே எழுதிவிடுங்கள். போதிய நுண்மை உள்ள சோதனை முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் 2014-இல் தனி விதியே வந்துவிட்டது.

சராசரி போடும்போது "கண்டறியப்படவில்லை" என்பதைப் பூஜ்யமாக எடுப்பதா, அறிக்கை அளவில் பாதியாக எடுப்பதா என்பதை பெர்மிட்டைப் பார்த்துச் செய்யுங்கள். ஆளுக்கு ஆள் மாற்றிச் செய்தால் வருடக் கடைசியில் வரைபடம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: ஆவியாகும் சேர்மம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது

இது உண்மையான கோளாறு. காற்றூட்டும் கோபுரத்திலா (நீருக்குள் காற்றை ஊதி மாசை ஆவியாக விரட்டும் அலகு), கார்பனிலா என்பதைப் பிரிக்க வேண்டும். ஒரே நாளில் நான்கு இடங்களில் சாம்பிள் எடுங்கள்: உள்ளே வருவது, கோபுரத்துக்குப் பின், முதல் கார்பனுக்குப் பின், கடைசி. நான்கு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கோபுரத்தில் சிக்கல் என்றால், எந்தச் சேர்மம் ஏறுகிறது என்பதே பாதித் துப்பு. நீரிலிருந்து காற்றுக்குத் தாவும் விருப்பத்தை ஹென்றி மாறிலி காட்டும். அறை வெப்பநிலையில், அலகில்லாத கணக்கில், வினைல் குளோரைடுக்கு சுமார் 1. டிரைகுளோரோஎத்திலீனுக்கு சுமார் 0.4, பென்சீனுக்கு 0.2-ஐ ஒட்டி, பெட்ரோலில் கலந்திருந்த எம்டிபிஇ-க்கு 0.02 முதல் 0.03, 1,4-டைஆக்சேனுக்கு 0.0002 அளவு. காற்று குறையும்போது முதலில் நழுவுவது இந்த வரிசையின் கடைசியில் இருப்பவை. எம்டிபிஇ மட்டும் ஏறி, பென்சீன் அசையாமல் இருந்தால் காற்றின் அளவு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாமே சேர்ந்து ஏறினால் நீர் தட்டுகளைத் தொடாமல் குறுக்குவழியில் ஓடுகிறது, அல்லது காற்றை ஊதும் பிளோயர் நின்றேவிட்டது. பிளோயர் நின்றால் பம்பும் தானாக நிற்க வேண்டும். அந்த இணைப்பைச் சோதிக்கும் பழக்கம் பல இடங்களில் இல்லை. வேண்டுமென்றே பிளோயரை அணைத்துப் பாருங்கள், பம்ப் நிற்கிறதா என்று.

காற்று ஏன் குறைகிறது? பத்தில் எட்டு முறை இரும்புதான். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, கோபுரத்தில் ஆக்சிஜன் பட்டதும் செம்மண் நிறச் சேறாகி ஓட்டைகளை அடைக்கிறது. ஒரு மில்லிகிராம் இரும்புக்கு 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். அழுத்த மானியைப் பாருங்கள்: கோபுரம் வழியே அழுத்த வேறுபாடு மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே வந்திருந்தால் சேறு. வேறுபாடு திடீரென்று இறங்கியிருந்தால் பெல்ட் நழுவியிருக்கும், அல்லது காற்று ஃபில்டர் அடைத்திருக்கும். குளிர்காலத்தில் மட்டும் ஏறினால் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். ஹென்றி மாறிலி குளிரில் கணிசமாகக் குறையும், கோடையில் சரியாக இருந்த காற்று-நீர் விகிதம் அப்போது போதாது.

சேற்றைக் கழுவுவது ஒரு தீர்வு. இரும்பை முன்கூட்டியே படியவைத்து வடிகட்டுவது நல்ல தீர்வு. இரும்பு படியாமல் பிடித்துவைக்கும் பாஸ்பேட் வகை ரசாயனம் சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் நாடுவது, அதுவே பின்னால் நச்சுத்தன்மைச் சோதனையில் வந்து கழுத்தைப் பிடிக்கும். அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

கார்பன் பக்கம் வந்தால், இரண்டு தொட்டியை வரிசையாக வைப்பதற்குக் காரணமே நடுவில் சாம்பிள் எடுக்கத்தான். முதல் தொட்டியில் ஊடுருவல் (மாசு பிடிபடாமல் மறுபக்கம் வருவது) தெரிந்தால் அதைப் புதுப்பித்து இரண்டாமிடத்துக்குத் தள்ளி, இரண்டாவதாக இருந்ததை முன்னால் கொண்டுவர வேண்டும். நடுச் சாம்பிள் மாதத்துக்கு ஒருமுறை என்று இருந்து, ஊடுருவல் மூன்று வாரத்தில் நடந்தால் வெளியேற்றத்தில் தெரிந்த பிறகுதான் விழித்துக்கொள்வீர்கள். தொட்டிக்குள் இருக்கும் கார்பன் படுக்கையின் கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்தால் நீர் கார்பனோடு இருக்கும் நேரம் தெரியும்: 2 கனமீட்டர் படுக்கை, மணிக்கு 12 கனமீட்டர் ஓட்டம் என்றால் 10 நிமிடம். யாரோ பம்பை மாற்றி ஓட்டத்தை 20 ஆக்கியிருந்தால் அது 6 நிமிடம். வடிவமைப்புத் தாளில் இருந்த ஓட்டம்தான் இன்றும் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புது கார்பன் போட்ட சில நாளிலேயே ஊடுருவினால் அது தீர்ந்துபோனதல்ல. படுக்கையில் காற்று சிக்கியிருக்கும், நீர் ஒரே தடத்தில் வழி பிடித்திருக்கும். போட்ட கார்பனை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, தலைகீழாகக் கழுவிப் பொடியையும் காற்றையும் வெளியேற்றாமல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்.

அறிகுறி: வெளியே போகிற நீரில், உள்ளே வருகிற நீரைவிட அதிகம்!

முதல்முறை பார்ப்பவர்கள் லேபைத் திட்டுவார்கள். லேப் பெரும்பாலும் சரி. கார்பனில் லேசான பிடிப்புள்ள சேர்மம் முன்னதாக இடம் பிடித்திருக்கும். வலுவாக ஒட்டும் சேர்மம் பின்னால் வந்து, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி விடுவதுபோல அதை இடம்பெயர்த்துவிடும். பல வாரம் சேர்த்து வைத்ததெல்லாம் சில நாளில் வெளியே கொட்டும். எம்டிபிஇ, சிஸ்-1,2-டைகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு போன்றவை இப்படி எழுப்பப்படுபவை. டிரைகுளோரோஎத்திலீனும் டெட்ராகுளோரோஎத்திலீனும் எழுப்புகிறவை.

உள்ளே வரும் நீரில் வினைல் குளோரைடே இல்லாமல் இருந்து, கார்பனுக்குப் பின் அது புதிதாக முளைத்தால் கதை வேறு. ஆக்சிஜன் தீர்ந்த படுக்கைக்குள் பாக்டீரியா டிரைகுளோரோஎத்திலீனிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கலாம். குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால் அநேகமாக இதுதான். பிளாண்ட்டை நிறுத்திப் போட்டு, தொட்டிகளை நீரோடு அப்படியே விட்டுவைத்தால் சீக்கிரம் நடக்கும்.

பெர்ஃபுளோரோ ரசாயனங்களிலும் (சுருக்கமாக பிஃபாஸ்; ஃபுளோரின் ஒட்டிய கார்பன் சங்கிலிகள்) இதைப் போன்றதைப் பார்க்கலாம். சங்கிலி குறுகியவை முதலில் நழுவும், நீண்ட சங்கிலியுள்ள பிஃபாஸ் பிறகுதான். அதனால் நடுச் சாம்பிளில் குறுஞ்சங்கிலிகளையும் சேர்த்துச் சோதிப்பது முன்னெச்சரிக்கைக்கு உதவும். இன்னொன்று: புற ஊதாக் கதிரும் பெராக்சைடும் சேர்ந்த ஆக்சிஜனேற்ற அலகுக்குப் பின், பிஃபாஸ்களில் ஒன்றான பிஎஃப்ஓஏ ஏறினால் ஆச்சரியப்பட வேண்டாம். முன்னோடிச் சேர்மங்கள் அங்கே உடைந்து பிஎஃப்ஓஏ-வாக மாறுகின்றன, பிஎஃப்ஓஏ உடைவதில்லை. அமெரிக்கக் குடிநீர் வரம்பு 2024-இல் பிஎஃப்ஓஏ-வுக்கும், இன்னொரு பிஃபாஸான பிஎஃப்ஓஎஸ்-க்கும் தலா லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வந்திருக்கும் நிலையில், இந்தச் சின்ன ஏற்றமும் கண்ணில் படும்.

அறிகுறி: பிஎச் வரம்புக்கு மேலே போகிறது

இரண்டே இடம். புது கார்பன் போட்ட முதல் சில நாள் பிஎச் 9-க்கு மேலே போவது தெரிந்ததே. ஓடவிட்டால் இறங்கிவிடும், அதுவரை அந்த நீரைப் பிடித்து வைத்து மெல்லக் கலந்து விடுங்கள், அல்லது முன்கூட்டியே அமிலத்தில் கழுவிய கார்பன் வாங்குங்கள். புது கார்பனின் முதல் நீரில் கொஞ்சம் ஆர்சனிக்கும் கசியலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது காற்றூட்டும் கோபுரம். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை அது விரட்டிவிடுகிறது. 7-இல் இருந்த பிஎச் 8-ஐத் தாண்டிவிடும். கோபுரத்துக்குக் கீழே குழாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் இதுதான். இதோடு அம்மோனியாவும் சேர்ந்துவிட்டால் பெரிய வம்பு. 25 டிகிரியில் பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் 0.6 சதவீதம்தான் மீனுக்குக் கெடுதலான வடிவம். பிஎச் 8-இல் அது 5 சதவீதம், 8.5-இல் 15 சதவீதம். அம்மோனியா எண் ஒரு துளியும் மாறாமலே நீர் நஞ்சாகிவிடும்.

பிஎச்சை இடத்திலேயே, எடுத்த 15 நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். லேபுக்கு அனுப்பி அளந்த எண்ணை வைத்து யாரோடும் வாதாட முடியாது.

அறிகுறி: உலோகம் தாண்டுகிறது

கலங்கலைப் பாருங்கள். மொத்த உலோகத்துக்கு வரம்பு வைத்திருந்தால் ஒரு சிட்டிகை வண்டல் போதும். அதே நீரை வடிகட்டி ஒரு பாட்டில், வடிகட்டாமல் ஒரு பாட்டில் எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வேறுபாடு பெரிதாக இருந்தால் தேவைப்படுவது நல்ல பை ஃபில்டர். பெரிய ரசாயன அலகு எதுவும் வேண்டாம். ஆர்சனிக் இரும்புச் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. இரும்பு தப்பிய நாளில் அதுவும் தப்பும்.

செம்பு, துத்தநாகம், ஈயம், நிக்கல், காட்மியம் என்றால் ஓடையின் கடினத்தன்மையைப் பாருங்கள். அமெரிக்கச் சூத்திரப்படி கடினத்தன்மை 100 மில்லிகிராமாக இருக்கும்போது கரைந்த செம்புக்கு நீண்டகால அளவுகோல் 9 மைக்ரோகிராம். கடினத்தன்மை 25 என்றால் அது 2.7, 200 என்றால் 16. பெர்மிட் எழுதியவர் கடினத்தன்மை தெரியாமல் கீழ்க்கோடியை எடுத்திருந்தால், சில மாதம் ஓடையில் கடினத்தன்மை அளந்து கொடுப்பது லட்சக்கணக்கில் கருவி வாங்குவதைவிட மேல். ஓடையில் எங்கே, எந்தப் பருவத்தில் அளப்பது என்று முன்கூட்டியே அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு "இது செல்லாது" என்று கேட்க வேண்டாம்.

ஆறு இணைதிறன் குரோமியம் புதிதாகத் தோன்றினால், மேல்பக்கம் யாராவது மாசை உடைக்க நிலத்தில் பெர்மாங்கனேட் செலுத்தினார்களா என்று விசாரியுங்கள். மண்ணிலிருக்கும் மூன்று இணைதிறன் குரோமியத்தை அது மாற்றிவிடும். இதற்கான சாம்பிள் 24 மணி நேரத்துக்குள் லேபில் சோதிக்கப்பட வேண்டும், அல்லது தாங்கல் கரைசல் சேர்த்து பிஎச்சை 9.3 முதல் 9.7-க்குள் நிறுத்தினால் 28 நாள் வரை வைக்கலாம். தாங்கல் கரைசல் சேர்க்காமல் வெள்ளிக்கிழமை மாலை எடுத்து, திங்கட்கிழமை கொடுத்த பாட்டிலின் எண்ணில் அர்த்தமே இல்லை.

அறிகுறி: ஒவ்வொரு எண்ணும் வரம்புக்குள், நச்சுத்தன்மைச் சோதனையில் மட்டும் தோல்வி

செரியோடாஃப்னியா டுபியா என்ற சின்ன நீர்த்தெள்ளையும், மீன்குஞ்சுகளையும் உங்கள் நீரில் விட்டுப் பார்க்கும் சோதனை இது. ஏன் செத்தது என்று அது சொல்லாது. அதனால் நீரைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடியும் சோதிக்க வேண்டும். உலோகத்தைக் கட்டிப்போடும் இடிடிஏ சேர்த்ததும் பிழைத்தால் உலோகம், பெரும்பாலும் செம்போ துத்தநாகமோ. சோடியம் தயோசல்பேட் சேர்த்ததும் பிழைத்தால் மிச்சமிருக்கும் குளோரினோ பெராக்சைடோ. காற்றூட்டியதும் பிழைத்தால் ஆவியாகும் ஏதோ ஒன்று. கரிமப் பொருளைப் பிடிக்கும் பத்தியில் ஓட்டியதும் பிழைத்தால் கரிமம். பிஎச்சை இறக்கியதும் பிழைத்து, ஏற்றியதும் செத்தால் அம்மோனியா. மேலே கோபுரத்தைப் பற்றிச் சொன்னதை ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

எதிலும் பிழைக்கவில்லை என்றால் உப்பு. ஆழத்து நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவோ, கால்சியமும் சோடியமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத விகிதமோ நீர்த்தெள்ளுக்குத் தாங்காது. அடுத்துப் பார்க்க வேண்டியது நீங்களே சேர்த்த ரசாயனங்கள்: இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்து, சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் மருந்து, நுரை தடுப்பான். இவற்றின் அளவைப் பாதியாக்கி ஒரு முறை, நிறுத்திவிட்டு ஒரு முறை சோதித்தால் தெரிந்துவிடும். "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே" என்று மீட்டரிங் பம்பைத் திருகிய கை யாருடையது என்று அப்போதுதான் விசாரணை வரும்.

அறிகுறி: நிறுத்தி மறுபடி ஓட்டும்போது மட்டும் தாண்டுகிறது

கிணறு சும்மா இருந்த நாட்களில் அதைச் சுற்றி மாசு சேர்ந்துவிட்டது. முதல் நீரை டேங்கில் பிடித்து, முடிவு வந்த பிறகு விடுங்கள், அல்லது பிளாண்ட்டின் தலைக்கே திருப்பி அனுப்புங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, ஆனாலும் வரம்பை எட்டவே முடியவில்லை

இங்கே கருவியைத் திருகிப் பயனில்லை. 1,4-டைஆக்சேன் காற்றில் ஏறாது, கார்பனிலும் நன்றாக ஒட்டாது; மேலே சொன்ன 0.0002-ஐப் பாருங்கள். கோபுரமும் கார்பனும் மட்டும் இருக்கும் பிளாண்ட்டில் அதற்கு வரம்பு வந்தால், ஆக்சிஜனேற்ற அலகு சேர்க்காமல் எந்தச் சரிசெய்தலும் அதை எட்டாது. ஓசோனைத் தேர்ந்தெடுத்தால் நீரில் புரோமைடு இருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். இருந்தால் புரோமேட் உண்டாகி இன்னொரு வரம்பைத் தாண்டும்.

நிலத்திலேயே இயற்கையாக ஆர்சனிக்கோ மாங்கனீசோ இருந்தால், ஓடைக்கும் அந்த நீரே கசிந்துவருகிறதா என்று கிணறுகளின் எண்களோடு காட்ட வேண்டும். இதை முறையாகக் கேட்டால் சில இடங்களில் வரம்பை மாற்றவோ, படிப்படியாக எட்டுவதற்குக் காலக்கெடு கொடுக்கவோ வழி இருக்கிறது. கேட்பதற்குச் சரியான நேரம் மீறலுக்கு முன்பு. மீறிய பிறகு கேட்டால் சாக்குப்போல ஒலிக்கும்.

மீறிவிட்டால் சொல்லிவிடுங்கள். அமெரிக்கப் பெர்மிட்டுகளில் ஆரோக்கியத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து வரக்கூடிய மீறலை 24 மணி நேரத்துக்குள் வாய்மொழியாகவும், 5 நாளுக்குள் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும். பல நாடுகளில் இதைப் போன்ற கெடு ஏதாவது உண்டு. உங்கள் பெர்மிட்டில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இப்போதே குறித்து வையுங்கள். எழுத்தில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: என்ன தாண்டியது, எப்போதிலிருந்து எப்போதுவரை, ஏன், மறுபடி வராமல் இருக்க என்ன செய்தீர்கள். "ஏன்" என்ற இடத்தில் "கார்பன் மாற்றப்பட்டது" என்று எழுதுவோர் அதிகம். அது நான்காவது கேள்விக்கான பதில். நான்கு இடத்துச் சாம்பிள் எண்களையும், அன்றைய அழுத்தம், ஓட்டம், காற்றின் அளவையும் மூன்றாவதில் எழுதுங்கள்.